முதலில் பேசும் இருக்கை

ஹேவர், மொன்டானா. பிப்ரவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மதுக்கடையின் பின்னறையில் ஆறு பேர்,
ஒரு பச்சை விரிப்பு,
புகைக்கத் தடை என்ற பலகையின் கீழ்
யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை.

டோரீன் லாஃப்ராம்பாஸ்
ரயில் யார்டில் இரவுப் பொறுப்பாளர்.
வாரம் ஐந்து இரவு
முகம் தெரியாத ஓட்டுநர்களுக்கு
ஒயர்லெஸ்ஸில் தடம் சொல்பவள்.
மூன்றாம் தடம் காலி என்றால் காலி.
நூற்றுப்பத்துக் கோதுமைப் பெட்டிகள்
அந்த ஒரு சொல்லை நம்பி இருட்டில் நகரும்.
அங்கே ஒருநாளும் அவள் பொய் சொன்னதில்லை.

இன்று விடுமுறை.

இந்தச் சுற்றில் அவளுக்குச் சிறிய பிளைண்ட்.
பார்க்காத சீட்டுக்கு ஒரு டாலர் முன்பணம்.
அதற்குப் பரிசாக, சீட்டுகள் நடுவே விரிந்தபின்
ஒவ்வொரு முறையும் முதலில் வாய் திறக்கும் கடமை.
பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள்.
இது பந்தியில்லை.
வலத்தோளை ஒட்டி ஆர்லின் ஷெல்ஸ்டாட்,
தானியக் கிடங்குக்காரன்,
டீலர் வில்லையை முன்னால் வைத்துக்கொண்டு
எல்லோரும் பேசி முடித்தபின் பேசுவான்.
அவள் இருமினால் அதையும் கேட்டுக்கொள்வான்.
காற்று வரும் பக்கம் நின்ற வேட்டைக்காரிபோல
அவள் வாசனை அவளுக்கு முன்னால் போய்விடுகிறது.

அவன் எட்டு டாலர் வைத்தான்.
இஸ்பேட் ஏழு, இஸ்பேட் ஆறு.
இந்த இருக்கையிலிருந்து இதை நம்பிக்
கூடப் போயிருக்கக் கூடாது. போனாள்.

ஆட்டின் ஒன்பது, ஆட்டின் எட்டு, கிளாவர் இரண்டு.
பத்தோ ஐந்தோ விழுந்தால் வரிசை சேரும்.
மேஜையைத் தட்டினாள்: பந்தயமில்லை.
அவன் பன்னிரண்டு. அவளும் பன்னிரண்டு.
நாலாவதாக டைமன் ராஜா.
மறுபடி தட்டினாள்.
அவன் முப்பது,
ராஜாவைச் சொந்தக்காரனாய்ப் பார்ப்பவனின் முப்பது.
தன் சீட்டை இரண்டாம் முறை பார்க்காமல்
அவளும் முப்பது.

கடைசியில் வந்தது
ஆட்டின் நாலு.

பத்தில்லை, ஐந்தில்லை.
ஏழு, ஆறு. அந்த அறையிலேயே ஏழையான கை.
ஆனால் மூன்று ஆட்டின் கிடக்கிறது நடுவில்.
இதுவரை அவள் செய்ததையெல்லாம்
கடைசியிலிருந்து படித்தால்
இன்னோர் ஆட்டினுக்காகக் காத்திருந்த ஒருத்தியின் கதை.
அவள் அப்படி எழுதவில்லை.
சீட்டு எழுதிவிட்டது.
கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

தட்டினால் அவனும் தட்டுவான்,
சீட்டு திரும்பும், ராஜா அள்ளிக்கொண்டு போகும்.
பயந்த பொய் இருபது வைக்கும்;
இருபது கொடுத்து யாரும் பார்த்துவிடுவார்கள்.
அவள் தன்னைக் கேட்டது ஒன்றுதான்:
நிஜமாகவே இருந்திருந்தால் எவ்வளவு வைப்பேன்?

எண்பத்தைந்து. மீதமிருந்தது அவ்வளவும்.
நடுவே தள்ளி
யார்டில் தடம் சொல்லும் அதே குரலில்
"எல்லாம்" என்றாள்.

அந்தக் குரலை எடுத்ததுதான் கொஞ்சம் கூசியது.

ஆர்லின் தொப்பியைக் கழற்றினான், போட்டுக்கொண்டான்.
ஹீட்டர் எரிந்தது, அணைந்தது, எரிந்தது.
பிந்திப் பேசுகிறவனுக்கும் ஒரு கஷ்டம் உண்டு:
கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாகிவிட்டது,
இனிப் பேச அவனைத் தவிர ஆளில்லை.

"ராஜா இருக்கு எங்கிட்ட" என்றான்,
அவளிடமல்ல, விரிப்பிடம்.
அவள் கையுறையைப் பார்த்தாள்.
இடதுகைக்கானது. கட்டைவிரலில் தையல் விட்டிருந்தது.

"மூணாம் தடம் காலின்னு நீ சொன்னா
என் கோதுமை போகுது, டோரீன்."
கவிழ்த்தபடியே தள்ளினான்.

அவளும் கவிழ்த்தபடியே சேர்த்தாள்.
யாரும் காட்டச் சொல்லவில்லை.
சில்லுகளை அடுக்க வெகுநேரம் பிடித்தது,
வேறு யாருடைய விரல்களோ போல.

அடுத்த ஆட்டத்துக்கு டீலர் வில்லை
ஓரிடம் நகர்ந்து அவள் முன்னால் வந்தது.
இப்போது எல்லாம் கேட்கும் இருக்கை அவளுக்கு.
கேட்டாள்.
ஒன்பதும் மூன்றும்.
மடித்துப் போட்டாள்.
வெளியே கிழக்கே போகும் வண்டி ஒன்று ஊதியது,
இன்றிரவு வேறு யாரோ சொன்ன தடத்தில்.