நூற்றுப்பதினேழாம் துண்டு

இரவு இரண்டு மணி. திருகோணமலை ஆஸ்பத்திரி.
சீ.ரீ. ஸ்கானின் வட்ட வாய்க்குள்
மேசை நகரக் காத்திருக்கிறது.
மேசையில் சவிரிமுத்து, ஐம்பத்தொன்று, பாலையூற்று.
தொழில் என்ற கட்டத்தில் யாரோ அவசரத்தில்
'வெட்டுதல்' என்று மட்டும் எழுதிவிட்டார்கள்.

"மீன்," என்றார், நான் நிமிர்ந்ததைக் கண்டு.
"மாக்கெற்றில. இருபத்தாறு வருசம்."
பிறகு,
"நீங்கள் எந்தப் பக்கத்தால வெட்டுவீங்கள் மிஸ்?
குறுக்காவோ, நெடுக்காவோ?"

வலிக்குமா என்பார்கள். மோதிரம் கழற்றவா என்பார்கள்.
இதை ஒருவரும் கேட்டதில்லை.
"குறுக்காக. ஒரு மில்லிமீற்றர் மொத்தத்தில."
"கத்தியில்லாமல்."
"கத்தியில்லாமல்."
"அப்ப பலகை கழுவுற வேலையும் மிச்சம்."

மூச்சை இழுங்கோ. பிடியுங்கோ.

திரையில் மேலிருந்து வரத் தொடங்கினார்:
கழுத்து ஒரு வட்டம்,
அதற்குள் மூச்சுக்குழாய் ஒரு கறுப்புக் காசு.
தோள் வர, வட்டம் படகாய் அகன்றது.
விலா எலும்புகள் சரிந்தல்லவா இறங்குகின்றன,
நேரே வெட்டினால் நீள்வளையத் துணுக்குகள்.
சரிந்த உருளையின் கிடை வெட்டுமுகம் யாது?
சாதாரணதரத்தில் வட்டம் என்றெழுதி
இரண்டு புள்ளி இழந்தவள் நான்.
இப்போது இரவிரவாய்த் திருத்துகிறேன்.

ஒரு வட்டத்தை மட்டும் காட்டி
இது எதனுடைய வெட்டு என்றால்
விடையே இல்லை.
பந்தாகலாம், கூம்பாகலாம்,
கத்தரிக்காய், சீனன்குடா எண்ணெய்த் தாங்கி.
அடுத்த வெட்டும் வேண்டும். அதற்கடுத்ததும்.

நூற்றுப்பதின்மூன்றில் வலது நுரையீரல் வெறும் இருட்டு.
பதினான்கில் ஒரு வெள்ளைப் புள்ளி.
இரத்தக்குழாயென்றால் அதே பருமனில் ஓடவேண்டும்.
ஓடு, என்றேன் அதனிடம், ஓடு.
பதினைந்தில் கடுகு. பதினேழில் பயறு.
பிறகு சிறுத்து, சிறுத்து
நூற்றிருபத்தொன்றில் இல்லை.
குழாய் அப்படிச் சாகாது.
அது கோளம்.

சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து
பார்க்கலாமா என்றார்.
காட்டக்கூடாது. காட்டினேன்.
என் விரல் எலியை உருட்ட, அவர் வாய் எண்ணியது.
"இதில வருது... இதில போகுது. ஏழு துண்டு."
பெருவிரல் நகத்தில் ஏழு மில்லிமீற்றரை வைத்துப் பார்த்தார்.
"நெத்தலித் தலையளவு."
"டொக்டர்தான் சொல்லுவார்," என்றேன்.
அந்த வசனத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

டொக்டர் சொன்னது ஒரு வரி:
மூன்று மாதத்தில் மீண்டும் பார்க்கவும்.

சனிக்கிழமை மாக்கெற்றில் அவர் பலகை முன் நின்றேன்.
ஒரு முழு அறுக்குளா. கத்தி ஒருமுறை இறங்கியது,
துண்டு முகம் மலர்ந்து விழுந்தது:
வளையத்துள் வளையம், மரம்போல.
"இது வளையமில்லை மிஸ்.
கடலைச் சுருளை ஒன்றுக்குள்ள ஒன்று செருகினமாதிரி
உள்ளுக்குள்ள எல்லாம் கூம்பு.
குறுக்கால வெட்டுறதாலதான் வட்டமாத் தெரியுது.
அவிச்சால் தானா கழரும், பாருங்கோ."

எத்தனை வருசம் தின்றிருக்கிறேன்.

பிறகு வாலடியில் கத்தியைச் சரித்தார்.
"இப்பிடி வெட்டினால் துண்டு பெரிசாத் தெரியும்.
சனம் சந்தோசப்படும். மீன் அதே மீன்தான்."
சிரித்தார். நானும்.

மேசையிலிருந்து இறங்கிய அன்று ஒரு வெட்டு.
ஆவணியில் இன்னொன்று.
இடையில் தொண்ணூறு நாள், தடித்த ஒரே துண்டாய்,
எந்தக் கருவியும் போகாத இடம்.
அதற்குள்தான் அவர் விடியமுன் ஐஸ் உடைக்கிறார்,
காகத்தை ஏசுகிறார், மிச்சக்காசு எண்ணுகிறார்.

அவர் எதுவும் கேட்கவில்லை.
தராசு ஒன்றரைக் கிலோவில் நின்றது.
"மொத்தமாவோ மெல்லிசாவோ?" என்றார்.
"மொத்தமாக," என்றேன்.