ஆணி அடித்தவை

நொத்தாரிசு அம்மா சொன்ன விதி சுகமானது.
சுவரோடு இருப்பது வீட்டுக்கு,
தூக்கினால் வருவது உங்களுக்கு.
இரண்டு பிரதி எழுதிக்கொண்டு வாருங்கள்,
உறுதியோடு சேர்த்துக் குத்திவிடலாம் என்றா.

அன்று இரவே ஒரு பழைய கொப்பியில் தொடங்கினோம்.
மின்விசிறி நான்கு: நிற்கும், என்று எழுதினேன்.
நிற்கும் என்றால் சுற்றாது என்றெல்லோ நினைப்பினம்,
வெட்டிப்போட்டு 'இருக்கும்' எண்டு போடு என்றார் தயாபரன்.
வெட்டினேன்.
ஹோலில் உள்ளது மூன்றாம் நம்பரில் மட்டும் ஓடும்.
அதை எழுதத் தேவையில்லை என்றார்.
எழுதினேன்.

குசினி அலுமாரி இருக்கும். கீசர் இருக்கும்.
மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி, மூடிமேல் வைத்த கல்லோடு.
கல் தூக்கினால் வரும்தான்,
ஆனால் வெள்ளவத்தைக் காற்றை அறிந்தவர்
அந்தக் கல்லைத் தூக்கார்.

தேக்கு அலுமாரியில் விதி முறிந்தது.
கிறில் போடுவதற்கு முதல் யன்னலால் ஏற்றியது.
இப்போது கதவாலும் போகாது, யன்னலாலும் போகாது.
ஆணி ஒன்றும் இல்லாமலே சுவரோடு ஆகிவிட்டது.
கழுபோவிலையில் நாங்கள் எடுத்த இரண்டு அறைக்குள்
அது போனாலும் பிறகு நாங்கள் போகமுடியாது.
இருக்கும்.

சாமித்தட்டு, நாலு ஸ்குரூ.
கழற்றி, படங்களைத் துவாயில் சுற்றினேன்.
நாலு ஓட்டை மிஞ்சியது.
ஓட்டை சுவரோடு இருப்பது, ஆகவே வீட்டுக்கு.
தயாபரன் சிரித்தார், அந்தக் கிழமையில் ஒரேயொரு தடவை.

சனிக்கிழமை ருஸ்னா வந்தாள்,
ஒரு கையில் அளவுநாடா, மறு கையில் எங்கள் பட்டியல்.
இம்தியாஸ் கீழே வாகனம் விட இடம் தேடிக்கொண்டிருந்தான்.
எல்லாம் எண்ணி, எல்லாம் தொட்டுப் பார்த்து,
ஹோலில் நின்று அண்ணாந்தாள்.
இதென்ன ஆன்ட்டி, சுவரெல்லாம் கொக்கி? இது லிஸ்ட்ல இல்லியே.
நுளம்பு வலைக்கு, என்றேன்.
ஹோல்லயா? ஏழா?
தயாபரன் பல்கனிக்குப் போனார்,
பாணந்துறை ரயிலை அன்றுதான் முதலில் பார்ப்பவர்போல.

ஏழு வலை, பதினொரு பேர்.
பாஸ் எடுத்து வந்து விசாவுக்கு நின்ற சனம்.
ஒரு மாதம் என்று வந்து ஆறு மாதம் நிற்கும்.
காலையில் பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு
ஏஜென்சி வாசலில் போய் நிற்கும்.
ஐந்தாம் கொக்கி கஜமுகனுடையது.
உயரம் காணாது என்று அவனே கதிரையில் ஏறி அடித்தது,
கொஞ்சம் சரிவு.
பொலிஸ் பதிவுத் தாளில்
வந்த காரணம் என்றொரு கட்டம் இருந்தது.
எல்லோருக்கும் ஒரே காரணம்தான் எழுதினேன்: வைத்தியம்.
இந்த ஹோலில் அத்தனை நோயாளிகள்,
எல்லோரும் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார்கள்.
சிலர் சூரிச்சிலிருந்து எடுத்தார்கள்.
சிலர் எடுக்கவில்லை.
எடுக்காதவர்களின் பெயர்களும் அந்தத் தாளில் இருக்கின்றன,
தாள் லாச்சியில் இருக்கிறது,
லாச்சி அலுமாரியில்.
தாளை மட்டும் எடுக்கவேண்டும், மறக்காமல்.

இதில் ஒன்றையும் ருஸ்னாவுக்குச் சொல்லவில்லை.
பாஸ் ஒராளைப் பிடித்துக் கழற்றி,
பட்டி பூசித் தருகிறோம் என்றேன்.
அவள் கதிரையை இழுத்து ஏறி
ஐந்தாம் கொக்கியில் தன் பாரம் போட்டுத் தொங்கிப் பார்த்தாள்.
அசையவில்லை.
கழட்டிராதீங்க ஆன்ட்டி.
எங்க உம்மா படுக்கையில, இங்கதான் கட்டில் போடப்போறோம்.
சேலைன் போத்தல் கொழுவ ஒண்டு வேணும்.

வைத்தியம்.

அவள் போன பிறகு கொப்பியைத் திறந்தேன்.
கொக்கி ஏழு: நிற்கும்.
தயாபரன் எட்டிப் பார்த்தார்.
வெட்டச் சொல்லவில்லை.

பிரிட்ஜ் விஷயம் இன்னும் முடியவில்லை.
அவர்கள் அதுவும் சேர்த்துத்தான் விலை என்கிறார்கள்,
புரோக்கர் நிஹால் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறான்.
ஒரு பிளக்கைச் சுவரில் குத்தியிருப்பது
சுவரோடு இருப்பதா என்று
திங்கட்கிழமை கேட்கவேண்டும்.