எட்டு

தட்டின் எடை நூற்று எழுபத்தைந்து கிராம்.
கடையில் அதே எடைக்கு நான் கட்டும்
மசாலாப் பொட்டலம்
வைத்த இடத்தில் இருக்கும்.
இது இருக்காது.

சாட்ஸ்வர்த், ஏழாம் யூனிட்,
குடியிருப்பின் பின்னால் கார் நிறுத்துமிடம்.
கடை சாத்திவிட்டு வந்து
எறிவேன், நடப்பேன், குனிவேன்,
திரும்பி நின்று எறிவேன்.
துணையில்லாமல் ஆடினால் பிரிஸ்பி
பெரும்பாலும் நடைதான்.

உள்ளங்கை வானம் பார்க்க வேண்டும்,
விளிம்புக்கு அடியில் இரண்டு விரல்,
மேலே கட்டைவிரல்.
சுண்டுவிரல் சும்மா மடங்கிக் கிடக்கும்,
சுண்டுகிற வேலை மற்றவைக்கு.
தோளால் தள்ளிய நாளெல்லாம்
தட்டு ஒருக்களித்து உருண்டு
மூன்சாமி வீட்டுத் தகரத்தில் ஏறிப் படுத்தது.
அவர் நாய் என்னைப் பார்த்துக்
குரைப்பதையே விட்டுவிட்டது.

கேரம் மாதிரி, என்றாள் லோகேஷ்னி போனில்.
கேரம் எனக்கு வராது.
தோசைக்கல் காய்ந்ததா என்று
தண்ணீர் தெளித்துப் பார்ப்போமே,
அந்த மணிக்கட்டு என்று
நானே கண்டுபிடித்தேன்.
ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழரை மணிக்கு,
கையை விட்டுப் போனது தெரியாமல் போனது.
தட்டையாய், நடுங்காமல்,
விளக்குக் கம்பத்தைத் தாண்டியும்
இறங்க மனமில்லாமல்.
சாட்சிக்கு ஒரு ஹடீடா மட்டும்.
கரகரவென்று கத்தியது.
அது எல்லாவற்றுக்கும் கத்தும்.

ஞாயிறு, கடற்கரை.
துறைமுகம் அழைக்கட்டும் என்று
தூரத்தில் ஒன்பது கப்பல்கள்.
வடகிழக்குக் காற்று மணலைக் கணுக்காலில் எறிகிறது.
குதிகாலால் இழுத்ததுதான் எல்லைக் கோடு,
பாதியை அலை கொண்டுபோயிற்று.
நடுவர் கிடையாது.
தட்டு கையில் இருந்தால் ஓடக்கூடாது.
எதிரில் நிற்பவள் பத்து எண்ணுவதற்குள் எறிந்தாக வேண்டும்.
எந்த மொழியிலும் எண்ணலாம்,
இது எங்கள் குழுவின் ஏற்பாடு.

நொக்குபீவா எண்ணுகிறாள்.
குன்யே. குபிலி.
இரண்டு கையும் விரித்து, கதவுபோல.
இடப்பக்கம் போக்குக் காட்டினால் இடப்பக்கம் மூடுகிறது,
வலப்பக்கம் சாய்ந்தால் அதற்குள் அங்கே.
ஆறுவரை வேகமாய் வந்துவிடுவாள்.
எட்டு அவள் மொழியில் நீளம்:
இசிஷியகலொம்பிலி.
அதற்குள் எனக்கு ஒரு மூச்சு.

முன்பொரு நாள் தண்ணீர் குடிக்கும்போது சொன்னாள்,
அதற்குப் பொருள்
இரண்டு விரலை விட்டுவிடு என்று.
பத்தில் இரண்டை விட்டால் மிச்சம்.
உன் எட்டுக்கு என்ன பொருள்?
எண்தான், என்றேன்.
பாட்டிலை மூடிய பிறகு,
கை நீட்டித் தொடு என்றாலும் எட்டுதான், என்றேன்.
சிரித்தாள். எங்கே தொடு பார்ப்போம்.

இசிஷிய
அவள் அக்குளுக்குக் கீழே ஒரு சந்து.
இரண்டு விரலை விட்டேன்.
காற்றுக்கு அடியில், மணலுக்கு ஒரு முழம் மேலே
தட்டு போகிறது.
லோகேஷ்னி மூலையில்,
இன்னும் ஓடிக்கொண்டு, இல்லை, பாய்ந்துவிட்டாள்,
நீளமாய், வயிறு தரையில் உரச,
விரல்நுனியில் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

கத்தினோம். கப்பலுக்கே கேட்டிருக்கும்.
அவள் எழுந்து மணலைத் துப்பினாள்,
முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.
வெளியே, என்றாள்.
என்ன வெளியே?
முழங்கை. கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் முதலில் பட்டது.
யாரும் பார்க்கவில்லை. அங்கே கோடே பாதிதான்.
நொக்குபீவா கேட்டாள், நிச்சயமா?
ம்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க ஒன்றுமில்லை.
இரண்டு மாதத்துச் சுண்டல் அது.
அவள் தட்டை மணலில் வைத்துவிட்டுத்
தன் இடத்துக்கு நடந்தாள்,
என்னைப் பார்க்காமல்.

இப்போது தட்டு நொக்குபீவா கையில்.
கதவாய் நிற்கும் முறை எனக்கு.
ஒன்று. இரண்டு. மூன்று.
நம் எண்கள் குட்டையானவை,
மூச்சுக்கு இடம் தராதவை.
ஐந்து. ஆறு.
அவள் கண் என் தோளுக்குப் பின்னால் எதையோ துழாவுகிறது.
ஏழு.
எட்ட்டு என்றேன்,
வேண்டுமென்றேதான் இழுத்தேன்.