நான்காம் கூடு

கொரானா ஆற்றங்கரையில் ஒரு பழைய வேன்.
ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி.
காப்பி ஆவி படலத்தைக் கெடுக்குமா என்று
யாகொடாவிடம் மூன்றாம் முறை கேட்கிறேன்.
கெடுக்காது என்கிறாள்,
மூடியைத் திருகியபடி.

கண்ணாடிச் சில்லின்மேல் அந்தப் படலம்
வெங்காயச் சருகைவிட மெலிது.
நீல விளக்கைக் காட்டினால்
எலுமிச்சைத் தோலின் மஞ்சளில் விழித்துக்கொள்ளும்.
நீண்ட கரிமச் சங்கிலிகள்.
அதில் ஒரே ஒரு கண்ணியில்
வெடிமருந்தின் ஒரு மூலக்கூறு வந்து உட்கார்ந்தால் போதும்,
தெரு முழுக்கக் கரண்ட் போனமாதிரி.

நாங்கள் தேடுவது ஒளியை அல்ல.

தேனீக்கள் மேயப் போகின்றன.
பூவுக்கும் புல்லுக்கும் நடுவே
மண் மூச்சுவிட்டது என்னவோ
அதுவும் ரோமத்தில் ஒட்டிக்கொள்ள
வாசல் குழலின் துணியில் உரசிக்கொண்டு வீடு திரும்புகின்றன.
மாலையில் துணியைச் சூடேற்றி
ஆவியைப் படலத்தின்மேல் ஊதுகிறோம்.
அவ்வளவுதான் எங்கள் தொழில்.

ஸ்திபான் வேன் படியில் உட்கார்ந்திருக்கிறார்.
கூடுகள் அவருடையவை.
ஓடைக்கு அந்தப் பக்கம் பிளம் தோப்பும் அவருடையதுதான்,
சிவப்புப் பலகையில் மண்டையோடு
முப்பது வருஷமாக அதைக் காவல் காக்கிறது.

முதல் கூடு: ஒளிர்கிறது.
இரண்டு: ஒளிர்கிறது.
மூன்று கொஞ்சம் மங்கல்.
வெயிலும் ஒளியைத் தின்னும் என்பதால்
ஆவி படாத ஒரு சில்லைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம்;
வெறும் வெயில்தான்.
நான்கு
மலையேறிவிட்டது.

துணியை மாற்றினோம். புதுச் சில்லு போட்டோம்.
மறுநாளும் அதன் மறுநாளும்
நான்கு மட்டும் அணைந்தது.

தோப்புப் பக்கம் வைத்தவை முதல் மூன்றும்.
நான்காவது இருந்தது இந்தக் கரையில்,
வரைபடத்தில் பச்சை பூசிய பக்கம்,
சுத்தம் என்று முத்திரை விழுந்த புல்வெளியில்.
தேனீ எந்தத் திசையில் போனதென்று படலம் சொல்லாது,
மூன்று கிலோமீட்டர்கூடப் போயிருக்கலாம் என்றேன்.
தோப்புப் பக்கம் ஒளிர்ந்ததால்
தோப்பு சுத்தம் என்றும் ஆகாது,
அவை அங்கே மேயாமல் இருந்திருக்கலாம் என்றாள் யாகொடா.
நாளை நாய்களோடு ஆட்கள் வருவார்கள்.

அவர் எதையும் கேட்டமாதிரித் தெரியவில்லை.
விரல் மடக்கிக்கொண்டிருந்தார்.
பதினொரு கோடை.
கோடைக்கு இரண்டு அறுப்பு.
"போன வருஷம் டிராக்டர்" என்றார்,
"அதற்கு முன்னே அரிவாள்."
பிறகு பூட்சைக் கழற்றி
அடிப்பகுதியைப் பார்த்தார்,
திரும்ப மாட்டிக்கொண்டார்.

வீடு புல்வெளிக்கு அப்பால்தான்,
புகைபோக்கி இங்கிருந்தே தெரிகிறது.
தார்ச்சாலையில் சுற்றினால் நாற்பது நிமிஷம்.
வேனில் வரச் சொன்னோம், மறுத்துவிட்டார்.
தாரின் நடுக்கோட்டில் கால் வைத்து
மெல்ல நடக்கத் தொடங்கினார்.

கடைசித் தேனீக்கள் அவர் தலைக்குமேல்
புல்லைக் குறுக்கே கடந்து
நான்காம் கூட்டுக்கு வந்துகொண்டிருந்தன.