பால்மா டின்

மூன்று நாள் விடாத மழை.
உள்துறைமுகம் எது, வானம் எது என்று
ஆய்வுகூட ஜன்னலுக்குத் தெரியவில்லை.
பிணவறைச் சுவரோரம் ஒரு மான்
நனைந்த அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டு நின்றது.

அப்போதுதான் புவிராணி வந்தாள்,
சேலைத் தலைப்புக்குள் ஒரு பால்மா டின்.
"மிஸ், அவர் சாப்பிட்ட கறிட மிச்சம் இது.
உள்ளுக்க என்ன கிடக்கெண்டு பாத்துச் சொல்லுங்கோ."

தேங்காய்ப்பால் திரைந்து, மஞ்சள் படிந்து,
காளான் துண்டுகள் காதுகள்போலக் கிடந்தன.
கன்னியாவுக்கு அப்பால், காட்டோரம்,
இடி இடித்த மறுநாள் பிடுங்கியதாம்.
வெள்ளை வெளேரென்று இருந்ததாம்.
நல்ல ருசி, என்றாள்,
களவை ஒப்புக்கொள்பவள்போல.

எங்களிடம் அதற்கான சோதனை இல்லை.
என்றாலும் நுணுக்குக்காட்டியில் வைத்தேன்:
நிறமற்ற வித்திகள், உருண்டை உருண்டையாக,
எதுவும் நடக்காததுபோல.
நான் தேடியது அந்தக் கண்ணாடிக்குள் அகப்படாது.
எட்டு அமினோ அமிலங்கள்
ஒன்றின் கையை ஒன்று பிடித்து
கடைசி வந்து முதலோடு சேர்ந்த வட்டம்.
கொதிக்கவைத்தாலும் பிடி விடாது.
ஈரலுக்குள் போய்
எழுதிக்கொண்டிருக்கும் கணக்குப்பிள்ளையின்
பேனாவை மட்டும் பிடித்துக்கொள்ளும்.
அதன்பிறகு கலத்துக்குத்
தன்னை எப்படிச் செய்வதென்று தெரியாது.

சித்திரவேலுக்கு முதல்நாள் வாந்தி, வயிற்றோட்டம்.
இரண்டாம் நாள் எழும்பியிருந்து
தேத்தண்ணி கேட்டாராம்,
வள்ளத்து எஞ்சினுக்கு எண்ணெய் வாங்கச் சொன்னாராம்,
பக்கத்துக் கட்டில்காரனைச் சிரிக்க வைத்தாராம்.
கீழே என் மேசையில் அவருடைய இரத்தம்
வேறு கதை சொன்னது.
காலையில் எண்பத்தாறு.
பின்னேரம் ஆயிரத்து நானூறு.
விடியப்புறம் மெஷின் அளக்கமாட்டாமல்
ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டது.
ஐதாக்கி மறுபடி ஓட்டினேன்.

அதே மேசையில், எறிய மறந்த ஒரு தட்டு.
மூதூர் மீனவர் ஒருவரின் கால்புண்ணிலிருந்து
நான் விதைத்த கிருமி, பொன்னிறப் பயிர்.
நடுவில் எங்கிருந்தோ விழுந்த பூஞ்சணம்,
சாம்பல் பச்சை, ஒரு ரூபாய்க் குற்றி அளவு.
அதைச் சுற்றி வெட்டவெளி.
ஒரு கிருமிகூட அந்த எல்லைக்குள் கால் வைக்கவில்லை.
"மாசு. மீள விதைக்க" என்று பதிவேட்டில் எழுதினேன்.
விதிப்படி அது என் பிழை.
எறியக் கை வரவில்லை.

டொக்டர் நுஸ்ரத் மேலிருந்து போன் எடுத்தா:
"பென்சிலின் ஏத்துறம், பெரிய அளவில.
ஈரல்ட வாசல அடைக்கும் எண்டு சொல்லுவாங்க.
நிச்சயமில்ல. வேற ஒண்டும் கைவசமில்ல."

போனை வைத்தபிறகும் நின்றேன்.
அதுவும் ஒரு பூஞ்சணத்தின் வேலை,
மூன்றே மணிகளைக் கோத்துச் சுருக்கியது.
எதிராளியின் மச்சானைக் கூப்பிட்டு
வாசலில் நிறுத்துவது மாதிரி.
இவற்றுக்கு எங்களைத் தெரியாது.
ஈரமான இருட்டில் தன் சோற்றைக் காக்க
எதையோ கோத்து வெளியே துப்புகிறது.
அது சித்திரவேலின் கோப்பையில் விழுந்ததோ,
மீனவரின் புண்ணில் விழப்போகிறதோ,
அதற்கென்ன?

ஆறாம் நாள் ஆயிரத்து நூறு.
ஏழாம் நாள் அறுநூறு.
இறங்குவது சுகத்துக்கா,
எரிய இனி ஈரல் மிச்சமில்லை என்பதற்கா,
அந்த எண்ணைக் கேட்டால் சொல்லாது.
மற்றதைப் பார்த்தேன், இரத்தம் உறையும் நேரம்.
அதுவும் இறங்கியிருந்தது.
கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை வெயில்.
புவிராணி வாசலில்.
"கண் இன்னும் மஞ்சள்தான் மிஸ். ஆனா ஏசுறார்."
பிறகு, போகாமல் நின்று,
"அந்த டின் கிடக்கா? சீனி போட்டு வைக்க."

அதை இரண்டு தரம் ஓட்டோகிளேவில் வைத்திருந்தேன்,
நூற்றி இருபத்தொரு பாகையில்.
நான் அறிந்த கிருமியெல்லாம் சாகும் சூடு.
அந்த வட்டத்தை நான் நம்பவில்லை.
என் பிஸ்கட் டின்னைக் கொட்டித்
துடைத்துக் கொடுத்தேன்.

மூடியைத் திறந்து, இரண்டு தரம்
மணந்து பார்த்துவிட்டுத்தான்
எடுத்துக்கொண்டு போனாள்.