கலாச்சாரச் செலவினம்

கேணிக்கரையில் வலம்புரி நிதி லிமிடெட்டுக்குச் சீல் வைத்த அன்று
நான் பாம்பன் ஐஸ் கம்பெனியில்
உருகிப்போன பார்களைக் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன்.
உருகல் என்று எங்களிடம் தனிப் பத்தி உண்டு.
தணிக்கைக்காரர் அதைக் கேள்வி கேட்பதில்லை.

எட்டாம் நாள் சம்மன் வந்தது.
பறிமுதல் பட்டியலோடு ஒரு இணைப்பு.
ஜெனரேட்டர், ஏசி இரண்டு, குத்துவிளக்கு ஒரு ஜோடி,
அவற்றுக்குக் கீழே நான்:
இலக்கிய விருது, கவிஞர் கோட்டைச்சாமி, ரூபாய் ஒரு லட்சம்.
தலைப்பு: கலாச்சாரச் செலவினம்.

வயிரவநாதன் நல்ல ரசிகர்.
இப்போது இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.
மேடையில் என் கவிதையைத் தாள் இல்லாமல் சொன்னார்.
ஏழாம் வரியில் தொண்டை அடைத்து
மைக்கைப் பொத்திக்கொண்டு தண்ணீர் கேட்டார்.
என் மனைவி ஏழாம் வரி வரைக்கும் வந்ததில்லை.
இந்தக் கரையில் கவிதைக்குக் காசு கொடுத்தது
அவர் ஒருத்தர்தான்.
யாருடைய காசு என்று நான் கேட்கவில்லை;
போர்த்துகிற சால்வையில்
விலைச்சீட்டைத் தேடுவார்களா யாராவது?
வேனில் ஏற்றும்போதும் கூட்டத்தில் என்னைக் கண்டு
அடுத்த தொகுப்பு எப்போ என்றார்.

ஒரு லட்சத்தில்
கூரைக்குத் தகரம், கடைவாய்ப் பல்லுக்கு உறை,
மீதி அச்சுக்கூலி.
தகரம் நன்றாக இருக்கிறது.
இருநூற்றெழுபது பிரதிகள் கட்டிலுக்கடியில்
உப்புக்காற்றில் முதுகு வீங்கிக் கிடக்கின்றன.

விசாரணை அதிகாரி அம்மா
கவிதையைப் பென்சிலால் அடிக்கோடிட்டுப் படித்திருந்தார்.
அப்படி ஒரு வாசகர் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.
'மூச்சை முதலாய்ப் போட்டு மூழ்குகிறாள்'
இது நீங்கள் எழுதியதா?
ஆமாம்.
ஒரு நோட்டீசை என் பக்கம் திருப்பி வைத்தார்.
பாசி எடுக்கிற பெண்ணின் படம்.
காலில் தகரத் தட்டு, விரலில் துணிச்சுற்று.
மேலே என் வரி.
கீழே, பதினான்கு சதவீதம்.
இது?

மேல்வரி மட்டும் என்றேன்.
'மேல்வரி மட்டும்' என்று பதிந்துகொண்டார்.

சின்னப்பாலத்தில் நம்புத்தாய்
பாஸ்புக்கை வெயிலில் விரித்து
நாலு மூலைக்கும் கல் வைத்திருந்தாள்.
அறுபத்தெட்டாயிரம்.
மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும்
மணலில் காய்ந்து, சுருங்கி, எடைக்குப் போய்
பதினோரு வருஷத்தில் சேர்ந்தது.
'நம்மளப் பாடுற கம்பெனி நம்மள ஏமாத்துமான்னுதான் போட்டோம்.'
குற்றமாகச் சொல்லவில்லை,
அன்றைய பாசி விலையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

மாசம் ரெண்டாயிரமாக அந்த லட்சத்தைக்
கோர்ட்டில் கட்டப்போகிறேன் என்றேன்.
'எத்தனை பேரு போட்டுருக்கோம்?'
நாலாயிரம் பேர்.
நான் மனசுக்குள் வகுத்து முடிப்பதற்குள்
'ஆளுக்கு இருபத்தஞ்சு ரூவா' என்றாள்.

பிறகு, அந்தப் பாட்டைப் படி என்றாள்.
படித்தேன்.
விரல்களுக்கு ஒவ்வொன்றாகத் துணி சுற்றியபடி கேட்டாள்.
சுண்டுவிரல் முடிச்சைப் பல்லால் இறுக்கிவிட்டு,
'மூணு நிமிஷம் அடியில கெடக்கேன்னு எழுதிருக்கியே,
யாரு கெடந்தா?
நாப்பது எண்றதுக்குள்ள மேல வந்துருவேன்.
நீயும் கூட்டித்தான எழுதிருக்க.'

தண்ணீர் தெளிகிற பன்னிரண்டு நாளில்
அது மூன்றாம் நாள்.
வள்ளத்தில் ஒன்பது பேர் அவளுக்குச் சத்தம் கொடுத்தார்கள்.
பாஸ்புக்கை உள்ளே எடுத்து வைக்கட்டுமா என்றேன்.
இன்னும் ஈரம் போகலை என்றாள்,
கல்லை எடுத்துராத.