இடுப்பில் இரண்டு விரல்

பெர்கன் நகர ஆவணக் காப்பகம், கீழ்த்தளம்.
வெளியே மழை. இந்த ஊரில் மழையைச் சொல்லத் தேவையில்லை,
ஆனாலும் மூடியைத் திறந்ததும்
முதலில் எழுந்து வந்தது அதன் வாடைதான்.

இரண்டு பெட்டிகள்.
குரோன்விக் வீட்டுடையது ஒன்று, டால்மன் வீட்டுடையது ஒன்று.
கடைசி வாரிசின் வழக்கறிஞர்
ஒரே வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு
ரசீது கேட்டார்.

குரோன்விக்குகளிடம் கப்பல் இருந்தது.
டால்மன்களிடம் கருவாடு.
கப்பலில்லாக் கருவாடு கரையிலேயே நாறும்,
கருவாடில்லாக் கப்பல் வெறுங்காற்றைச் சுமக்கும்.
ஆகவே கொண்டார்கள், கொடுத்தார்கள்,
மூன்று தலைமுறை.

1884 மார்ச், டிட்ரிக் டால்மன் எழுதுகிறார்:
லிஸ்பனில் விலை இறங்கிவிட்டது,
இருநூறு கட்டு தேங்கிக் கிடக்கிறது,
கிடங்குக் கூரை ஒழுகுகிறது,
எங்கள் ஓகோட்டை உங்கள் செவெரினுக்குத் தரச் சம்மதம்,
உப்பு வந்து சேர்ந்தது, நன்றி.
இதே வரிசையில்.
நான் எதையும் இடம் மாற்றவில்லை.

படம் ஒன்று. செவெரின் உட்கார்ந்திருக்கிறார்.
ஓகோட் நிற்கிறாள், நாற்காலி முதுகில் ஒரு கை.
பின்னால் திரையில் வரைந்த தோட்டம்,
இந்த அட்சரேகையில் காய்க்காத திராட்சை.

1887. கறுப்புக் கரை போட்ட உறைகள், பதினொன்று.
படமில்லை.
சவப்பெட்டிக்கு ஒரு ரசீது,
காப்பிக்கும் சர்க்கரைக்கும் ஒன்று.

படம் இரண்டு, 1889.
அதே செவெரின், அதே நாற்காலி, அதே திராட்சை.
நிற்பவள் ஹென்ரிக்கே, ஓகோட்டின் தங்கை.
வலது ஓரத்தில் ஒரு கலங்கல்:
மூன்று வயது யோர்கன், அசைந்துவிட்டான்.

பூதக்கண்ணாடியில்தான் பார்த்தேன்.
இடது கைச் சரிகையில் ஒரு தையல்,
மீன்முள் போல.
முதல் படத்திலும் அதே இடத்தில் அதே முள்.

தாயின் கடிதம் இரண்டாம் பெட்டியின் அடியில் இருந்தது:
இடுப்பில் இரண்டு விரல் பிடிக்கச் சொல்.
இவள் உயரம், கீழே ஒரு பட்டை சேர்க்கச் சொல்.
இந்த ஊரில் யாருக்கும் உடை நினைவிருக்காது.

இருந்தது.
தையற்காரி யெர்ட்டினேயின் சீட்டு, நான்கு குரோனர்.
பிறகு நினைவூட்டல். பிறகு இன்னொன்று.
மூன்றாவதில் கையெழுத்து மாறியிருக்கிறது,
மகளாக இருக்கலாம்.
கட்டியதற்கான முத்திரை எதிலும் இல்லை.

லூபெக்கிலிருந்த அத்தைக்கு ஹென்ரிக்கே எழுதியது,
அனுப்பப்படாமல் மடித்தபடியே:
"விலாவில் ஒரு குண்டூசியை எடுக்க மறந்துவிட்டார்கள்.
ஆடாதே என்றார் புகைப்படக்காரர்.
நான் ஆடவில்லை."

யோர்கன் விடுதிப் பள்ளியிலிருந்து, வயது பத்து.
'அன்புள்ள சித்தி' என்று தொடங்கி அடித்திருக்கிறான்.
'அன்புள்ள அம்மா' என்று எழுதி
அதையும் அடித்திருக்கிறான்.
பிறகு விளிப்பே இல்லாமல்:
எனக்குக் காலுறை வேண்டும். இரண்டு ஜோடி. தடிமனாக.

என் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: சம்பந்தம்.
செவெரின், கணவர். மறுபடி செவெரின், கணவர்.
டிட்ரிக், மாமனார், ஒரே மருமகனுக்கு இருமுறை.
யெர்ட்டினேயிடம் வந்ததும் பேனா நின்றது.
'இதர ரசீதுகள்' என்றுதான் எழுதவேண்டும், விதி அப்படி.
தனி எண் கொடுத்தேன்: 41.
பாக்கி என்றும் சேர்த்தேன்.
மேலாளர் அடித்தால் அடிக்கட்டும்.

மணி ஒன்றாகிவிட்டது. ரொட்டி பையிலேயே இருக்கிறது.
குண்டூசி இருந்திருக்கக்கூடிய இடத்தில்
கண்ணாடியை மறுபடி வைத்தேன்.
சாம்பல் நிறம்.
இன்னும் கிட்டே கொண்டுபோனால்
அதுவும் கலங்குகிறது.